பதினேழு வயதில் ஒரு மருத்துவ சீட்



மூளை அறுவை மருத்துவர்கள் இருவரிடமிருந்து தொடங்கலாம். ஒருவர் சஞ்சய் குப்தா. சிஎன்என் தொலைக்காட்சியில் கோவிட் காலம் முழுக்க அமெரிக்காவுக்கு அந்த நோயை விளக்கிச் சொன்னவர். மிச்சிகன் மாநிலத்து நோவை ஊர்க்காரர். பள்ளியை முடித்த கையோடு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் 'இன்டெஃப்ளெக்ஸ்' திட்டத்தில் சேர்ந்தார். கல்லூரிக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் சேர்த்து ஒரே அனுமதி. நடுவில் இன்னொரு வாசலில் போய் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. 1993இல் எம்.டி. வாங்கியபோது அவருக்கு வயது 23.

மற்றவர் பால் கலாநிதி. தென்னிந்தியாவிலிருந்து போன பெற்றோரின் மகன். அரிசோனாவில் கிங்மன் என்ற பாலைவன ஊரில் வளர்ந்தவர். ஸ்டான்ஃபோர்டில் ஆங்கில இலக்கியமும் மனித உயிரியலும் படித்தார். பிறகு கேம்பிரிட்ஜ் போய் அறிவியலின் வரலாறும் தத்துவமும் படித்தார். அதற்கப்புறம்தான் யேல் மருத்துவக் கல்லூரி. 2007இல் எம்.டி. ஆனபோது வயது 30. நுரையீரல் புற்றுநோய் அவரை 37 வயதில் கொண்டுபோனது. அவர் மறைந்த பிறகு, 2016இல் வெளிவந்த 'வென் பிரெத் பிகம்ஸ் ஏர்' நூலை வாசித்தவர்களுக்கு, அந்த இலக்கியப் படிப்பு அவரை எப்படிப்பட்ட மருத்துவராக ஆக்கியது என்பது தெரியும்.

இருவரும் ஒரே துறைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். வந்து சேர்ந்த வயதில் ஏழு ஆண்டு வித்தியாசம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களின் சாப்பாட்டு மேசைகளில் நடக்கும் விவாதம் அந்த ஏழு ஆண்டைப் பற்றியதுதான். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு, இளநிலைக்கும் மருத்துவத்துக்கும் சேர்த்து ஒரே அனுமதி தரும் பி.எஸ்.-எம்.டி. திட்டம் ஒன்றில் சீட் கிடைத்திருக்கிறது. கூடவே பெயர்பெற்ற ஒரு பல்கலைக்கழகத்தில் வெறும் இளநிலைக்கும் இடம் கிடைத்திருக்கிறது. எதை எடுப்பது?

முதலில் வழக்கமான பாதையைப் பார்த்துவிடலாம். நான்கு ஆண்டு இளநிலை, அதன்பின் நான்கு ஆண்டு மருத்துவக் கல்லூரி, அதன்பின் துறையைப் பொறுத்து மூன்று முதல் ஏழு ஆண்டு ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி. இளநிலைக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் எல்லாரையும் பயமுறுத்துவது. 2021ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு 62,443 பேர் விண்ணப்பித்தார்கள்; சேர்ந்தவர்கள் 22,666 பேர். அதாவது மூவரில் இருவருக்குக் கதவு திறக்கவில்லை. நுழைந்தவர்களின் சராசரி ஜிபிஏ 3.7க்கு மேல். எம்கேட் என்கிற நுழைவுத் தேர்வுக்கு ஒரே நாளில் ஏறத்தாழ ஏழரை மணி நேரம் உட்கார வேண்டும். 528 மதிப்பெண் உச்சமாக உள்ள அந்தத் தேர்வில் சேர்ந்தவர்களின் சராசரி 511ஐத் தாண்டுகிறது. இந்தச் சுமையைத் தாங்க, மருத்துவக் கல்லூரியில் சேர்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் இளநிலை முடித்தபின் ஓராண்டாவது வெளியே நிற்கிறார்கள். ஆய்வகத்திலோ மருத்துவமனையிலோ வேலை பார்த்தபடி விண்ணப்பிக்கிறார்கள்.

இதைக் கேட்ட தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. நம் ஊரில் பிளஸ் டூ முடித்ததும் எம்.பி.பி.எஸ்.; பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டில் டாக்டர். இங்கே மட்டும் ஏன் இந்தச் சுற்று? பிள்ளைக்கு பி.எஸ்.-எம்.டி. கிடைத்தால், நமக்குப் பழகிய பாதை அமெரிக்காவிலேயே திறந்துவிட்டது என்று மனம் துள்ளுகிறது. அந்த மகிழ்ச்சியில் தவறில்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. காரணம் வரலாற்றில் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரி என்பது பெரும்பாலும் காசுக்கு நடந்த கடை. கட்டணம் கட்டி, சில மாதங்கள் பாடம் கேட்டால் பட்டம். 1893இல் பால்டிமோரில் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி அந்த வழக்கத்தை உடைத்தது. கல்லூரியைத் திறக்கப் பணம் போதாமல் நின்றபோது மேரி எலிசபெத் காரெட் என்ற செல்வச் சீமாட்டி நன்கொடை தர முன்வந்தார். ஆண்களுக்குச் சமமாகப் பெண்களையும் சேர்க்க வேண்டும், இளநிலைப் பட்டம் உள்ளவர்களை மட்டுமே சேர்க்க வேண்டும் என்பவை அவர் விதித்த நிபந்தனைகளில் முக்கியமானவை. இந்தத் தகுதி எவ்வளவு கடுமையாகப் பட்டதென்றால், அங்கே பேராசிரியராக வந்த வில்லியம் ஆஸ்லர், தம் சகாவான வெல்ச்சிடம், நல்லவேளை நாம் பேராசிரியர்களாக வந்தோம், மாணவர்களாக நமக்கு இங்கே இடம் கிடைத்திருக்காது என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. 1910இல் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர், அவர் மருத்துவரல்ல, பள்ளிக்கூட ஆசிரியர், அமெரிக்காவிலும் கனடாவிலும் 155 மருத்துவக் கல்லூரிகளைச் சுற்றிப் பார்த்து எழுதிய அறிக்கை, ஹாப்கின்ஸை முன்மாதிரியாக நிறுத்தியது. தரமில்லாத கல்லூரிகள் மூடப்பட்டன. மூடப்பட்டவற்றில் கறுப்பின மாணவர்களுக்கான ஏழு கல்லூரிகளில் ஐந்தும் அடங்கும். அந்த இழப்பை அமெரிக்க மருத்துவம் இன்றுவரை ஈடுகட்டவில்லை. முதலில் கல்லூரி, பிறகு மருத்துவம் என்ற வரிசை இப்படித்தான் நிலைபெற்றது.

ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்த வரிசையைச் சுருக்க வேண்டிய தேவை வந்தது. 1950களின் கடைசியில் நாட்டில் டாக்டர் பற்றாக்குறை வரப்போகிறது என்று அரசின் ஆலோசகர்கள் எச்சரித்தார்கள். 1961இல் சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகமும் பாஸ்டன் பல்கலைக்கழகமும் பள்ளியிலிருந்து நேரே மாணவர்களை எடுத்து ஆறு ஆண்டில் எம்.டி. ஆக்கும் திட்டங்களைத் தொடங்கின. 1971இல் மிசௌரி-கான்சஸ் சிட்டி பல்கலைக்கழகம் ஒரு மருத்துவக் கல்லூரியையே இந்த முறையில் கட்டியது. 1972இல் சஞ்சய் குப்தா பின்னாளில் படித்த மிச்சிகன் திட்டம். 1973இல் வடகிழக்கு ஒஹாயோவும் நியூயார்க் சிட்டி காலேஜும். வேகமாக டாக்டர்களை உருவாக்குவதே இந்த முதல் அலையில் பெரும்பாலானவற்றின் நோக்கம்.

அந்தத் திட்டங்களுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். நார்த்வெஸ்டர்னும் பாஸ்டனும் ஆறை ஏழாக நீட்டின. மிச்சிகனும் ஆண்டுகளைக் கூட்டியது. கடைசியில் திட்டத்தையே மூடிவிட்டது. நார்த்வெஸ்டர்னும் சில ஆண்டுகளுக்கு முன் சேர்க்கையை நிறுத்திக்கொண்டது. தொடங்கியவர்களே காலத்தைக் கூட்டியிருக்கிறார்கள் என்பது, மிச்சமாகும் ஆண்டுகளை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் பெற்றோர் ஒருமுறை நின்று யோசிக்க வேண்டிய செய்தி.

ஆனால் ஆறாண்டுப் படிப்பு என்றாலே அரைகுறை என்று ஒதுக்குவதும் நியாயமில்லை. கான்சஸ் சிட்டியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். இதயநோய் மருத்துவரான கிரே டைமண்ட் அங்கே 'டோசென்ட்' முறை என்ற ஒன்றை அமைத்தார். மூன்றாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரையிலான மாணவர்கள் ஏறத்தாழ பன்னிரண்டு பேர் ஒரு குழு. அவர்களுக்கு ஒரு மூத்த மருத்துவர், அவர்தான் டோசென்ட். ஒவ்வோர் இளைய மாணவருக்கும் ஒரு மூத்த மாணவர் துணை. வாரத்தில் அரை நாள் அந்தக் குழு ஒரே கிளினிக்கில் ஒரே நோயாளிகளைப் பார்க்கிறது. நீரிழிவோடு வரும் ஒரு முதியவரை ஒரு மாணவர் மூன்றாம் ஆண்டில் முதன்முதலாகப் பார்க்கிறார். அவருடைய சர்க்கரை ஏறுவதையும் இறங்குவதையும், மருந்து மாறுவதையும் ஆறாம் ஆண்டு வரை கூடவே இருந்து பார்க்க முடிகிறது. நான்காண்டு மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் மாணவர் இத்தனை நீண்ட காலம் ஒரே நோயாளியோடு இருப்பது அரிது. அதற்கு அந்த மாணவர் கொடுக்கும் விலையும் சிறியதல்ல. கோடை விடுமுறை பெரும்பாலும் கிடையாது. பள்ளித் தோழர்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்து, எந்தப் பாடத்தை மேஜராக எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, இவர் உடற்கூறியல் புத்தகத்தில் தலையை விட்டிருக்கிறார்.

23 வயதில் டாக்டர் என்றால் பயப்பட வேண்டுமா? தேவையில்லை. சென்னையிலும் மதுரையிலும் அந்த வயதில்தான் ஹவுஸ் சர்ஜன்கள் இரவுப் பணி பார்க்கிறார்கள். பிரிட்டனிலும் பள்ளி முடித்து நேரே மருத்துவம்தான். ஆகவே, வயது ஒரு தடையே அல்ல. இங்கே வேறுபடுவது கடனும், திரும்பும் வழியும்தான்.

இரண்டாவது வகைத் திட்டம் முற்றிலும் வேறு காரணத்துக்காகப் பிறந்தது. 1980களில் அமெரிக்கக் கல்வியாளர்களை ஒரு கவலை பிடித்திருந்தது. மருத்துவம் படிக்க விரும்பும் கல்லூரி மாணவர்கள் ஒவ்வொரு பாடத்தையும் ஜிபிஏ கண்ணாடி போட்டுப் பார்க்கிறார்கள். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி தேர்வுக்காகத் தூக்கத்தை விற்கிறார்கள். பிடித்த பாடத்தைத் தொடப் பயப்படுகிறார்கள். இந்த 'ப்ரீ-மெட்' நோய்க்கு மருந்தாகத்தான் ரோட் ஐலண்டின் பிரௌன் பல்கலைக்கழகம் 1984இல் பி.எல்.எம்.இ. என்ற எட்டாண்டுத் திட்டத்தை உருவாக்கியது. ஐவி லீக் பல்கலைக்கழகங்களில் இப்படி ஒன்று இருப்பது பிரௌனில் மட்டும்தான். ஆண்டுக்கு ஐம்பது அறுபது பேர் சேர்கிறார்கள். எம்கேட் எழுத வேண்டியதில்லை. ஓர் ஆண்டுகூட மிச்சமாகாது. மிச்சமாவது மன அமைதி. அந்த அமைதியில் மாணவர் வரலாறு படிக்கலாம், நாடகம் படிக்கலாம், கணினி படிக்கலாம். 1969 முதலே பிரௌனில் கட்டாயப் பொதுப் பாடங்கள் இல்லை. ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் எட்டாண்டுத் திட்டமும் கேஸ் வெஸ்டர்னின் திட்டமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

ப்ரீ-மெட் பாடச் சுமை உண்மையிலேயே அவசியமா என்பதற்கு நியூயார்க்கின் மௌண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரியில் ஒரு நல்ல சான்று இருக்கிறது. 1987இல் அங்கே நேதன் கேஸ் ஒரு திட்டம் தொடங்கினார். இலக்கியம், வரலாறு போன்ற கலைப்புலப் பாடங்கள் படிக்கும் மாணவர்களைக் கல்லூரி இரண்டாம் ஆண்டிலேயே தேர்ந்தெடுத்துவிடுவது. எம்கேட் கேட்பதில்லை, வழக்கமான இயற்பியல், ஆர்கானிக் கெமிஸ்ட்ரிப் பாடங்களையும் கட்டாயமாக்குவதில்லை. அப்படி வந்த 85 பேரை வழக்கமான மாணவர்களோடு ஒப்பிட்டு, டேவிட் முல்லரும் கேஸும் 2010இல் ஆய்வு வெளியிட்டார்கள். உரிமத் தேர்வின் முதல் படியில் இவர்கள் சற்றே குறைந்த மதிப்பெண் எடுத்தார்கள். சொந்தக் காரணங்களுக்காகப் படிப்பை இடையில் நிறுத்தி விடுப்பு எடுத்தவர்கள் இவர்களில் கூடுதல். ஆனால் நோயாளிகள் பக்கத்தில் நின்று கற்கும் கட்டத்தில் இவர்கள் பின்தங்கவில்லை. மனநல மருத்துவப் பயிற்சியில் மேலாகவே செய்தார்கள். அந்தத் திட்டம் 2013இல் 'ஃபிளெக்ஸ்மெட்' என்ற பெயரில் எல்லாத் துறை மாணவர்களுக்கும் விரிந்தது. டாக்டர் ஆக எல்லாரும் ஒரே அச்சில் வார்க்கப்பட வேண்டியதில்லை என்பதற்கு இது போதுமான ஆதாரம்.

மூன்றாவது வகையைப் பற்றி நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகம் 2006இல் தொடங்கிய பி.ஏ.-எம்.டி. திட்டம் ஆண்டுக்கு 28 பேரைச் சேர்க்கிறது. அந்த மாநிலத்தின் கிராமங்களுக்கும் சிற்றூர்களுக்கும் டாக்டர்கள் வேண்டும், அந்த ஊர்ப் பிள்ளைகளே திரும்பிப் போய் வேலை பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். நியூயார்க் ஹார்லெமில் சிட்டி காலேஜில் 1973இல் சோஃபி டேவிஸ் பள்ளியாக வளரத் தொடங்கிய ஏழாண்டுத் திட்டம், ஏழைப் பகுதிகளுக்குக் குடும்ப மருத்துவர்களை உருவாக்குவதற்கென்றே வந்தது. பல்லாண்டுகள் அதன் மாணவர்கள் கடைசி இரண்டு ஆண்டுக்கு வேறு மருத்துவக் கல்லூரிகளுக்கு மாற வேண்டியிருந்தது. இன்று அது தானே எம்.டி. தரும் மருத்துவக் கல்லூரி. டெக்சஸ் சட்டமன்றம் 2001இல் உருவாக்கிய 'ஜேம்ப்' திட்டம், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளைக் கல்லூரித் தொடக்கத்திலேயே கண்டுபிடித்து, உதவித்தொகை தந்து, தகுதிகளை நிறைவு செய்தால் மாநில மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடத்தை உறுதி செய்கிறது. இவற்றில் சேரும் பிள்ளை ஒரு மக்கள் கூட்டத்துக்கு வாக்குக் கொடுக்கிறது. ஆரம்ப சுகாதாரத்தில் மனமில்லாமல், எம்.டி. கிடைத்தால் போதும் என்று இந்த வாசலில் நுழைவது முறையல்ல. அந்த இடம் யாருக்காக உண்டாக்கப்பட்டதோ அவருக்கே போகட்டும்.

இனி, மேசை மேல் இருக்கும் கடிதத்துக்கு வரலாம். பி.எஸ்.-எம்.டி. அனுமதிக் கடிதத்தின் முதல் பக்கத்தில் வாழ்த்துகள் இருக்கும். அதை அம்மா படமெடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவார். படிக்க வேண்டியது அடுத்தடுத்த பக்கங்கள். அந்தப் பக்கங்களில் 'உறுதி' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே 'நிபந்தனை' என்ற சொல் இருக்கும். ஜிபிஏ எவ்வளவுக்குக் கீழே இறங்கக் கூடாது? பல திட்டங்களில் 3.5; சிலவற்றில் அதற்கும் மேலே. அது மொத்தப் பாடங்களுக்கா, அறிவியல் பாடங்களுக்குத் தனியாகவா? ஒரு பருவத்தில் தவறினால் எச்சரிக்கையா, வெளியேற்றமா? எம்கேட் எழுத வேண்டுமா? எழுதினால் குறைந்தபட்ச மதிப்பெண் என்ன? இந்த இடத்தைக் கையில் வைத்துக்கொண்டே வேறு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாமா, விண்ணப்பித்த நிமிடமே இந்த இடம் போய்விடுமா? ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படிக்கலாமா? உடல்நலம் கெட்டால் ஓராண்டு நிறுத்தலாமா? ஒவ்வொரு திட்டத்துக்கும் விடை வேறு. பக்கத்து வீட்டுப் பிள்ளை படித்த திட்டத்தின் விதியை நம் பிள்ளையின் திட்டத்துக்குப் பொருத்திப் பார்ப்பதில் பயனில்லை.

இத்தனை கேள்விகளிலும் பெரியது ஒன்று உண்டு. மற்றவற்றுக்கு விடை சாதகமாக இருந்து, இதற்கு மட்டும் விடை இல்லையென்றால், அந்தத் திட்டத்தை விட்டுவிடுவதே நல்லது. இருபது வயதில் அந்தப் பிள்ளைக்கு, மருத்துவம் தனக்கான வேலை இல்லை என்று தெரியவந்தால், அது நிற்கும் இடம் எப்படிப்பட்டதாக இருக்கும்?

பதினேழு வயதில் உறுதியாகச் சொன்ன ஒன்று இருபதில் மாறுவது குற்றமல்ல, வளர்ச்சியின் ஒரு பகுதி. பிரௌனில் இருக்கும் மாணவர் மருத்துவத்தை விட்டாலும் பிரௌன் மாணவராகவே இருப்பார்; வேறு மேஜர் எடுத்து, பட்டம் வாங்கி, நல்ல வேலைக்குப் போவார். இறுக்கமான ஆறாண்டுத் திட்டத்தின் மூன்றாம் ஆண்டில் விலகும் மாணவர், படித்த பாடங்களை வேறு பட்டத்துக்கு மாற்றிக்கொள்ள அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டியிருக்கும். அந்தப் பயத்திலேயே விருப்பமில்லாத மருத்துவத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் நாளை ஒரு நோயாளியின் கட்டில் அருகே நிற்பார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். எனவே, இணைத்துத் தரப்படும் இளநிலைக் கல்லூரியைத் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். மருத்துவ சீட் சேர்க்கப்படாமலிருந்தால் அந்தக் கல்லூரியைப் பிள்ளை விரும்பியிருக்குமா? 'ஆம்' என்றால் அந்தத் திட்டம் நல்ல திட்டம்.

பணம் அடுத்தது. ஓராண்டோ இரண்டாண்டோ குறைந்தால் கட்டணம் குறைகிறது. நிபுணராகச் சம்பாதிக்கத் தொடங்கும் ஆண்டும் முன்னால் வருகிறது. இது உண்மையான லாபம், மறுக்க முடியாது. ஆனால் கணக்கின் மறுபக்கமும் இருக்கிறது. கடன் வாங்கிப் படித்து வெளிவரும் அமெரிக்க மருத்துவ மாணவரின் இடைநிலைக் கடன் ஏறத்தாழ இரண்டு லட்சம் டாலர். தனியார் மருத்துவக் கல்லூரியில் நான்காண்டுச் செலவு மூன்று லட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். முன்பு, முழுச் செலவையும் ஈடுகட்டும் அளவுக்கு 'கிராட் பிளஸ்' என்ற கூட்டரசுக் கடன் கிடைத்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் அதை மாற்றிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு அந்தக் கடன் கிடையாது. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்குக் கூட்டரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்ற உச்சவரம்புக்குள் அடங்க வேண்டும். மிச்சத்துக்குத் தனியார் வங்கி. இன்று பதினேழு வயதில் சீட் வாங்கும் பிள்ளை, அந்தக் கடன் விதியோடுதான் மருத்துவக் கல்லூரிக்குள் நுழையப் போகிறது.

அதே நேரத்தில் வேறு சில கதவுகள் திறந்திருக்கின்றன. நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 2018இல் எல்லா மாணவர்களுக்கும் கல்விக் கட்டணத்தை நீக்கியது. 2024 பிப்ரவரியில் பிராங்ஸில் உள்ள ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரிக்கு அங்கே பேராசிரியராக இருந்த ரூத் காட்டெஸ்மன் நூறு கோடி டாலர் கொடுத்தார். அங்கும் கட்டணம் இல்லை. அதே ஆண்டு ஜூலையில் செல்வந்தர் ப்ளூம்பெர்க்கின் கொடையால் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், மூன்று லட்சம் டாலருக்குக் குறைவான வருமானமுள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணத்தை நீக்கியது. வேறெங்கும் விண்ணப்பிக்கக் கூடாது என்று கட்டிப்போடும் திட்டத்தில் சேரும் பிள்ளை, இந்தக் கதவுகளைத் தட்டும் உரிமையைப் பதினேழு வயதிலேயே விட்டுக்கொடுக்கிறது. டெக்சஸ் குடும்பங்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. அங்கே அரசு மருத்துவக் கல்லூரிகளில் குறைந்தது 90 விழுக்காடு இடங்கள் மாநிலத்தவருக்கே. கட்டணமும் தனியாரை விட வெகு குறைவு. டாலஸில் வீடு வைத்துக்கொண்டு, கிழக்குக் கடற்கரையில் விலையுயர்ந்த தனியார் திட்டத்துக்குப் பாயும் முன் அந்த இரண்டு தொகைகளையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பது அவசியம்.

இப்போது சொல்லப்போவது பல தமிழ்க் குடும்பங்களுக்கு நேரடியாகப் படும். எச்-1பி விசாவில் வந்து, கிரீன் கார்டுக்காகப் பல்லாண்டு வரிசையில் நிற்கும் பெற்றோரின் பிள்ளைகள் எச்-4 விசாவில் வளர்கிறார்கள். ஐந்து வயதில் வந்து, இங்கேயே பள்ளி முடித்து, வகுப்பில் முதலாவதாக நிற்கும் பிள்ளை அது. ஆனால் பி.எஸ்.-எம்.டி. திட்டங்களில் பல, குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களை மட்டுமே எடுக்கின்றன. 21 வயதில் அந்தப் பிள்ளை எச்-4 தகுதியை இழக்கிறது. மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கிறது. அந்த 21 வயது இளநிலைப் படிப்பின் கடைசியில்தான் வந்து நிற்கும். கூட்டரசுக் கடன் கிடையாது. வெளிநாட்டவரைச் சேர்க்கும் மருத்துவக் கல்லூரிகளே குறைவு. சேர்ப்பவற்றிலும் சில, பல ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே வைப்பாக வைக்கச் சொல்கின்றன. இந்தச் செய்தி பிள்ளைக்குப் பதினோராம் வகுப்பிலேயே தெரிந்திருக்க வேண்டும். எட்டு கட்டுரை எழுதி, நேர்காணல் வரை போனபின் தெரியவருவது கொடுமை. பெற்றோர் வெட்கப்பட்டோ வருத்தப்படக் கூடாதென்றோ விசா நிலையை மறைப்பது பிள்ளைக்குச் செய்யும் உதவியாகாது.

இரண்டு சீட் கையில் இருக்கும் வீட்டுக்கு மறுபடி வருவோம். ஒன்று அதிகம் பெயர் தெரியாத கல்லூரியோடு இணைந்த ஏழாண்டுத் திட்டம். இன்னொன்று பெரிய பெயர், ஆனால் நான்காண்டு கழித்து எம்கேட், விண்ணப்பம், காத்திருப்பு. உரிமத் தேர்வின் முதல் படி 2022 ஜனவரி முதல் வெறும் தேர்ச்சி அல்லது தோல்வி என்று ஆகிவிட்டதால், ரெசிடென்சிக்குப் போட்டியிடும்போது மருத்துவக் கல்லூரியின் பெயர் முன்பைவிடக் கனக்கும் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் படிக்கு இன்னும் மதிப்பெண் உண்டு; உழைக்கும் மாணவருக்கு அது போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனாலும் ஒன்றைத் துணிந்து சொல்லலாம். எட்டாண்டுத் திட்டம், எம்கேட் இல்லை, வெளியே விண்ணப்பிக்கத் தடையில்லை, இளநிலைக் கல்லூரியும் பிடித்திருக்கிறது என்றால் தயங்காமல் எடுக்கலாம். ஏழாண்டுத் திட்டமென்றால் ஜிபிஏ நிபந்தனையையும் கட்டணத்தையும் பார்த்து முடிவெடுக்கலாம். ஆறாண்டுத் திட்டம், மருத்துவமனையின் உள்ளே போய்ப் பார்த்து, அதன் பிறகும் அதையே கேட்கும் பிள்ளைக்கு மட்டும்.

'உள்ளே போய்ப் பார்த்து' என்பதன் பொருள் விண்ணப்பத்தில் எழுதுவதற்காக முப்பது மணி நேரம் தன்னார்வப் பணி செய்வதல்ல. முதியோர் இல்லத்தில் ஒருவருக்குச் சோறூட்ட உதவிய பிள்ளைக்கு, இறந்துபோனவரின் கட்டிலை அடுத்தவருக்காகச் சுத்தம் செய்வதைப் பார்த்த பிள்ளைக்கு, இந்த வேலையின் மணம் தெரியும். அதன் பிறகு அது 'வேண்டும்' என்று சொன்னால் நம்பலாம். 'இன்னும் தெரியவில்லை' என்று சொன்னால் அதையும் நம்ப வேண்டும். அப்படிச் சொல்லும் பிள்ளைக்கு வழக்கமான நான்காண்டுக் கல்லூரியே உகந்தது. இரண்டாம் ஆண்டில் மனம் தெளிந்தால் மௌண்ட் சைனாயின் ஃபிளெக்ஸ்மெட் போன்ற முன்னுறுதித் திட்டங்கள் இருக்கின்றன. பிறகும் தெளியவில்லையென்றால் கலாநிதி போன பாதை இருக்கிறது. சஞ்சய் குப்தா முந்திக்கொண்டதால் அவசரக்காரர் ஆகவில்லை. பால் கலாநிதி தாமதித்ததால் எதையும் இழக்கவில்லை. இருவரும் தாங்கள் தேர்ந்ததைத் தாங்களே தேர்ந்தார்கள்.

பெரும்பாலான பல்கலைக்கழகங்களுக்கு மே 1க்குள் பதில் சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்தைய வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்குங்கள். அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைப் பக்கங்களை அச்செடுத்து, பிள்ளையின் கையில் பேனாவைக் கொடுத்து, வரி வரியாக வாசிக்கச் சொல்லுங்கள். புரியாத இடங்களைப் பிள்ளையே அடிக்கோடிடட்டும். மறுநாள் சேர்க்கை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசுவதும் பிள்ளையாகவே இருக்கட்டும். விடைகளை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளட்டும். அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.